வலப்பக்கத்து மாப்பிள்ளை

மூத்த மாப்பிள்ளைதான் மாமனாரின் வலப்பக்கம் நிற்கவேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. சாஸ்திரத்தின் இந்தக் குறையைத் தம் ஐம்பத்திரண்டாவது வயதில் நிவர்த்தி செய்யப் புறப்பட்டவர், சின்ன காஞ்சிபுரம் பராங்குசம். பள்ளிக்கூடத் தலைமை எழுத்தர், மூத்த மாப்பிள்ளை.

இரண்டாயிரத்து ஏழில் மாமனாருக்கு ஸதாபிஷேகம் நடந்தது. குடம் குடமாகத் தீர்த்தம் ஊற்றி முடித்ததும், எண்பது வயதுப் பெரியவர் ஈரத்தரையில் வழுக்கப்பார்த்து, அகப்பட்ட மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அது இளைய மாப்பிள்ளை ஆதிகேசவனுடையதாகப் போயிற்று. போட்டோக்காரர் அந்தக் கணம் பார்த்தா அமுக்கவேண்டும்? நடுவில் மாமனார். வலப்பக்கம், பிடித்த பிடியில், ஃபாரின் வாட்சும் சிரிப்புமாக ஆதிகேசவன். இடப்பக்கம், பஸ் எப்போது வரும் என்று கேட்க நிற்பவர் போலப் பராங்குசம்.

"இதைப் பெரிசா போட்டுக் கூடத்துல மாட்டணும்," என்றார் மாமனார் பராங்குசத்திடம். "நீங்கதான் கம்ப்யூட்டர் வச்சிண்டிருக்கேளே மாப்பிள்ளே, சித்த பளிச்சுனு பண்ணிக் குடுங்கோ."

பாலுக்குக் காவலாகப் பூனை அமர்த்தப்பட்டது.

கம்ப்யூட்டர், மகன் வைபவ் கழித்துப் போட்டது. படம் திருத்தும் சாஃப்ட்வேர், ஏதோ பத்திரிகையோடு ஓசியில் வந்த சிடியில் இருந்தது; பெயர் கிம்ப். பராங்குசம் தம் கல்யாண போட்டோவில் கைப்பழக்கம் செய்து பார்த்தார். ஃபிளாஷ் வெளிச்சத்தில் சிவந்திருந்த மனைவியின் கண்ணைச் சரிசெய்யப் போனதில் சிவப்பு போயிற்று. கூடவே கருவிழியும் போயிற்று.

"ஏன்னா, இது நானா, பிசாசா?" என்றாள் ரமாமணி.

"கத்துக்கறச்சே அப்படித்தான் இருக்கும்."

ஆதிகேசவனைக் கத்தரிக்க முயன்றபோது பராங்குசத்தின் காதுதான் அறுந்தது. அப்போதுதான் அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. ஒரு தட்டு; படம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிற்று. பராங்குசம் வலப்பக்கம்! ஆதிகேசவன் இடப்பக்கம், அதுவும் மாமனார் இடது கையால் பிடித்தபடி! யாரையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. சத்தியத்துக்குப் பங்கமில்லாமல் நீதி நிலைநாட்டப்பட்டது.

பிரிண்ட் போட்ட ஸ்டூடியோக்காரர் தாவீதும் மெச்சினார். "சூப்பரா வந்துகீது சார். நீங்க பெரியவரு பக்கத்துல இன்னா கெத்தா நின்னுக்கினு கீறீங்க!"

பராங்குசம் ஐந்து ரூபாய் கூடவே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடியிருக்கப் படம் சுவரேறியது. முதலில் சகலை ஆதிகேசவன்தான் வாயைத் திறந்தார்.

"ஷட்டகரே, என் வாட்ச் எப்படி வலது கைக்குப் போச்சு?"

பராங்குசம் காது கேளாதவரானார். அதற்குள் மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். வந்தவள் அலறினாள்.

"பெருமாளே! பூணூல் வலது தோள்ல இருக்கே!"

மூன்று பேருக்கும் அப்படித்தான் இருந்தது. தர்ப்பணத்துக்கும் திவசத்துக்கும் மட்டுமே அந்தத் தோளுக்கு மாறுகிற பூணூல், ஸதாபிஷேகத்தன்று மாறிக் கிடந்தது. தீர்த்தம் சொட்டச் சொட்ட நின்ற மாமனார், யாருக்கோ தர்ப்பணம் பண்ணிவிட்டு எழுந்தவர் போலவே இருந்தார். இடவலம் மாற்றும் பொத்தான் மாப்பிள்ளைகளோடு நிற்காது என்பது பராங்குசத்துக்குத் தோன்றவே இல்லை.

"நல்ல நாளும் அதுவுமா இதென்ன கோலம்! இறக்குங்கோ மொதல்ல!"

"பழையபடி திருப்பிட்டாப் போச்சு," என்றார் ஆதிகேசவன், அக்கிரமமான பொறுமையோடு.

திருப்பினால் ஆதிகேசவன் வலப்பக்கம் போய்விடுவாரே. பராங்குசம் கம்பீரமாகப் பொய் சொன்னார். "ஓசி சாஃப்ட்வேர் பாருங்கோ, எல்லாரையும் சேர்த்துத் திருப்பினா சரியா வராது. நம்ம ரெண்டு பேர் எதுக்கு? பெரியவர் மட்டும் தனியா, பெரிசா இருக்கட்டுமே."

"அடேயப்பா, மாப்பிள்ளைக்குத்தான் என்ன பெரிய மனசு!" என்று மாமியார் நெகிழ்ந்தாள்.

தமக்கு ஒரு கண் போனாலும் ஆதிகேசவனுக்கு இரண்டும் போகிறதே என்ற நிம்மதியோடு, மூலப்படத்தை இருபுறமும் வெட்டினார் பராங்குசம். தாம் சுத்தமாகப் போனார். ஆதிகேசவனும் போனார், மணிக்கட்டைத் தவிர. மாமனாரின் பிடிக்குள் இருந்த அதை அழித்தால் மாமனாரின் விரல்களும் கூடவே அழிந்தன. பக்கத்துத் தூணை நகலெடுத்துப் பூசிப் பார்த்தார். மாமனார் கைக்கு யானைக்கால் வந்தது. கடைசியில், போனால் போகிறது, ஒரு கைதானே என்று விட்டுவிட்டார்.

இப்போது கூடத்தில் பெரியவர் தனியே நிற்கிறார், பூணூல் உரிய தோளில். வலக்கையில், எங்கிருந்தோ நீண்ட ஒரு கையை, ஃபாரின் வாட்சோடு, இறுகப் பிடித்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அது யார் கை?"

"நம்ம ஆதிகேசவன். அன்னிக்கு அவர் இல்லேன்னா நான் இல்லே," என்று மாமனார் ஆரம்பித்துவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் ஈரத்தரை கொஞ்சம் கூடுதலாக வழுக்குகிறது.

படத்தைப் பண்ணியது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. பராங்குசமும், யாராவது கேட்பார்களோ என்று, படத்து மாமனாரின் வலப்பக்கமாகவே போய் நின்று பார்க்கிறார்.