காணிக்கைப் பெட்டிக்குள் போன தடுப்பூசிப் புத்தகம்

சாட்சி சொல்ல வந்த இடத்தில் கர்த்தர் செய்த நன்மையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார எனக்கும் ஆசைதான். ஆனால் என் வெட்கத்தைச் சொல்லாமல் அந்த நன்மையைச் சொல்ல முடியாது. பொறுத்துக் கேளுங்கள்.

இந்த வருடம் மார்ச் மாதம் என் கணவர் ஜோசப்புக்கு ஹென்டர்சன் பகுதியில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போனது. வீட்டுக் கடன் என் ஒருத்தியின் சம்பளத்தில் நின்றது. நான் நர்ஸ். வெளியூர் மருத்துவமனையில் மூன்று மாத ஒப்பந்த வேலை ஒன்று வந்தது, நல்ல சம்பளம். விமான டிக்கெட்டும் தங்கும் வீட்டு முன்பணமும் முதலில் நாமே கட்ட வேண்டும். வேலையில் சேர்ந்து ரசீது கொடுத்தால், வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி திருப்பித் தரும். சேராவிட்டால் ஒரு காசும் வராது. கார்டைத் தேய்த்துக் கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் பேப்பர் வேலை. போலீஸ் சான்றிதழ், பழைய மேலாளரின் கடிதம், நான் மலேசியாவில் இருந்தபோது போட்ட தடுப்பூசிகளின் புத்தகம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எல்லாம் வர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு என்றார்கள்.

அந்த அடுத்தவர் யார் தெரியுமா? எங்கள் சபை சுகந்தி, அவளும் நர்ஸ்தான். ஒனிஹங்காவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். இந்த நாட்டுக்கு எனக்கு நான்கு வருடம் பின்னால் வந்தவள். வீடு வாங்கிவிட்டாள், புதுக் கார் வாங்கிவிட்டாள். "என்ர பேப்பர் எல்லாம் ஒரே நாளில முடிஞ்சுது அக்கா" என்று சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சபையில் அவள் நன்றி சொல்லிப் பாடியபோது நான் வாயைக்கூடத் திறக்கவில்லை.

விசா பேப்பர், வீட்டுக் கடன் பேப்பர் எதுவானாலும் ஆராதனையில் முன்னால் இருக்கும் மேசையில் வைத்து ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். நானும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு கவர் வைத்தேன். ஒன்றில் ரசீதுகள். மற்றதில் தடுப்பூசிப் புத்தகம், கூடவே ஒரு ஜெபச் சீட்டு. அதில் நான் எழுதியது இதுதான்: "ஆண்டவரே, சுகந்தியின் பேப்பர் எங்காவது மாட்டிக்கொள்ளட்டும்." இதைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை புத்தகத்தை ஸ்கேன் செய்ய எடுத்தால், பையில் ரசீதுக் கவர் மட்டும்தான் இருக்கிறது! இரண்டையும் கொண்டுவந்தேன் என்று சத்தியம் பண்ணினேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். "நீங்கதான் எங்கயோ தூக்கிப் போட்டீங்க" என்று ஜோசப்பிடம் கத்தினேன். "என்னாலா இது, வேலை போனதுக்கும் நான், புத்தகம் போனதுக்கும் நானா?" என்றார் பாவம்.

வெள்ளிக்கிழமை மதியம் சமையலறையில் முழங்காலில் விழுந்தேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, வேலை அவளுக்குப் போகப்போகிறது. என்னால் தாங்க முடியவில்லை. என் மனசு நாறுகிறது. நீரே பார்த்துக்கொள்ளும்" என்று மட்டும் அழுதேன்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. வாசலில் சுகந்தி, நர்ஸ் உடையோடு, கையில் என் கவர்.

"இண்டைக்குக் காணிக்கை எண்ணேக்க பெட்டிக்குள்ள கிடந்தது அக்கா. மேசையில இருந்த கவரையெல்லாம் சேர்த்துப் போட்டிட்டினம் போல. ஆரின்ர கவரெண்டு பாக்கத் திறந்தனான்." கவரை என்னிடம் நீட்டினாள். "சீட்டையும் உள்ளுக்கயே வச்சிட்டன்."

அவள் பேசாமல் இருந்திருந்தால் அந்த வேலை அவளுக்கு. எனக்கு அழுகை மட்டும்தான் வந்தது. "அழுறதைப் பிறகு அழலாம், முதல்ல ஸ்கேன் பண்ணுங்கோ" என்றாள். அவளே பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொடுத்தாள். நாலரைக்கு அனுப்பினோம். திங்கட்கிழமை வேலை உறுதியானது. வேலையில் சேர்ந்ததும் கட்டிய பணமும் முழுசாகத் திரும்பி வந்தது.

அடுத்த ஒப்பந்தம் சுகந்திக்குக் கிடைத்தது. அவள் பேப்பருக்காக நான் உபவாசமிருந்து ஜெபித்தேன். அவளுக்குக் கிடைத்த ஊர் என்னுடையதைவிட அழகான ஊர் என்று கேட்டதும் வயிறு லேசாக எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதையும் ஆண்டவரிடமே சொன்னேன். இதை உங்கள் முன் சொல்ல அவளிடம் அனுமதி கேட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் பேப்பர்களைக் கர்த்தர் முன் வையுங்கள். அசல் வேண்டாம், நகலை வையுங்கள். ஆனால் மனசில் இருக்கும் எரிச்சலை அசலாகவே வையுங்கள். அவர் வாசித்துவிட்டு நம்மைத் தள்ளிவிட மாட்டார். என் சீட்டை வாசித்த பிறகுதான் சுகந்தி எங்கள் வீட்டுக்கு வரக் காரை எடுத்தாள்.