நாற்பது நாற்காலி வீடு

போன வாரம் பத்துபஸ்தியில் புதிதாகத் திறந்திருக்கும் மியூசியத்துக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் மர பாலிஷ் வாசனை. எனக்கு முட்டி வலி வேறு. கண்ணில் பட்ட நாற்காலியில் சாயப் போனேன். சுற்றிக்காட்டும் பெண் ஓடிவந்து, "அங்கிள், பைட்னா மனா ஹை. உக்காரக் கூடாது" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் என்றைக்குத்தான் உட்கார விட்டார்கள்?

மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த புதிதில் இதே வீட்டின் பின்னறையில் மூன்று வருஷம் குடியிருந்தேன். வீட்டுக்காரர் கான்ட்ராக்டர்; சரியான நாற்காலிப் பைத்தியம். எந்தப் பழைய பங்களாவைக் காலி செய்தாலும் லாரியோடு போய் நிற்பார். செதுக்கிய படாக் மரம், பிரம்புப் பின்னல், சிப்பி பதித்தது என்று நாற்பது நாற்காலி. நாங்கள் சாப்பிடுவது தரையில். ஒரு ஆபீசர் வந்து நின்றுகொண்டே டீ குடித்துவிட்டுப் போனார், பாவம்.

அத்தனையையும் தினமும் துடைப்பது அவர் மனைவி. நான் அக்கா என்பேன். ஒன்றிலாவது உட்கார்ந்து பார்க்க அக்காவுக்குக் கொள்ளை ஆசை. கேட்டால், "ஜாயிண்ட் விட்டுரும்" என்பார் மனுஷன். அக்கா என்ன யானையா? என்னைவிட ஒல்லி.

ஒரு நாள் அவர் நாற்பத்தோராவதைப் பார்க்க மாயாபந்தர் கிளம்பினார். பஸ் ஏறிவிட்டாரா என்று பார்த்துவர அக்கா என்னை பஜார் வரை அனுப்பினாள். அப்புறம் ஆரம்பித்தோம் பாருங்கள்! ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தோம். சிப்பி பதித்தது முதுகைக் குத்தியது; இதுக்கா இந்த அலட்டல் என்றாள். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவள் மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

"உக்காந்துக்கிட்டே ரோடு தெரியுது தம்பி."

அன்றைக்கு மத்தியானம் உலையே வைக்கவில்லை.

அந்தப் பிரம்பு நாற்காலியைச் சுற்றி இப்போது கயிறு. இதில் இன்றுவரை ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னாள் அந்தப் பெண். உட்கார்ந்திருக்கிறார்களே, இந்த வீட்டு அம்மா, என்றேன்.

"அப்படியா? ஐயா கல்யாணமே பண்ணிக்கலைன்னுல்ல எங்களுக்குச் சொல்லிருக்காங்க."

சுவர் முழுக்க அவர் படம்தான். அக்கா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது, தெரியும். அதற்காக இப்படியா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுதி வையம்மா, அவள் இல்லாமல் இந்த நாற்காலிகள் எல்லாம் எப்போதோ செல்லரித்துப் போயிருக்கும் என்று பொரிந்தேன். நல்ல பெண், உடனே நோட்டை எடுத்தாள்.

"சொல்லுங்க அங்கிள், எழுதிடறேன். அவங்க பேரு?"

வாயைத் திறந்தேன். மூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அக்கா, அக்கா என்றே கூப்பிட்டிருக்கிறேன். பேரைக் கேட்டதே இல்லை.