சாவு வீட்டில் வந்த சிரிப்பு

நான் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறேன். படகில் கடலுக்குப் போய்வந்த என் கணவருக்குப் போன வருடம் சிறுமூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஆபரேஷன் நடந்தது. மெல்ல நடக்க ஆரம்பித்ததும் குணமாகிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். ஆனால் கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். காரணமில்லாமல் சிரிப்பார், உடனே அழுவார்.

அந்தச் சமயத்தில் அவருடைய படகுக் கூட்டாளி கடலில் இறந்துபோனார். உடலைக் கிடத்தி எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது இவர் சத்தமாகச் சிரித்தார். அவரால் நிறுத்த முடியவில்லை.

"எங்க அண்ணன் சாவுக்குக் குட்சிட்டு வந்து சிரிக்கிறியா?" என்று இறந்தவரின் தம்பி அவரை அடித்துவிட்டார். நான் குறுக்கே பாய்வதற்குள் உதடு கிழிந்துவிட்டது.

வீட்டில் ரத்தத்தைத் துடைத்தபோது அவர் சொன்னார்: "உள்ள அழுதுகினுதான் இருந்தேன். வாய்தான் சிரிச்சுது."

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "சிறுமூளை நடைக்கு மட்டும் இல்லம்மா. யோசிக்கிறதுக்கும், சிரிப்பையும் அழுகையையும் அடக்குறதுக்கும் அது வேணும்" என்றார். மாத்திரை கொடுத்தார். முழுதாகச் சரியாகும் என்று சொல்லவில்லை.

கருமாதிக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. நான் மட்டும் போய் அந்தத் தம்பியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர், "இத்த முன்னாடியே சொல்லிருக்கலாமேக்கா" என்றார்.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நான் உள்ளே போய் அவருடைய நோயைச் சொல்கிறேன். அதுவரை அவர் தெருவில் நிற்கிறார்.