மச்சான் எறிந்த யூரியா

அன்று முற்றத்தில் நின்றவர்கள் இவர்கள். வீட்டுக்காரர், கனடாவிலிருந்து வந்தவர். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, வெள்ளாங்குளத்தில் வயல் செய்பவர். வீட்டுக்காரரின் மகள், அவள் கனடாவில்தான் இருந்தாள், கதிரையில் சாத்திவைத்த போனுக்குள் நின்றாள். நான், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். படலைக்கு வெளியே கழுதைகள். அவற்றை அன்று யாரும் எண்ணவில்லை.

வீடு தோட்டவெளி என்கிற ஊரில். முன்னுக்கு ஒரு பரப்பில் புல். கொழும்பிலிருந்து பாய் மாதிரிச் சுருட்டி லொறியில் வந்த புல். மணலில் விரித்தார்கள். ஐந்து வருடம் தண்ணீர் விட்டேன். சாகவில்லை. வளரவும் இல்லை. மஞ்சளாகக் கிடந்தது.

இரண்டு மாதத்தில் மகளுக்குக் கலியாணம். விருந்து இந்தப் புல்லில்தான் என்று முடிவு.

"பச்சை வராட்டிக் கல்லுப் பதிக்கிறன்," என்றார் வீட்டுக்காரர். "கல்லுக்குத் தண்ணி விடத் தேவையில்லை."

என்னைப் பார்க்காமல் சொன்னார். தண்ணீர் விடத் தேவையில்லை என்றால் நானும் தேவையில்லை. அந்த வீட்டின் பின்னறையில்தான் நான் படுக்கிறேன். வேறு அறை எனக்கு எங்கும் இல்லை.

போனுக்குள்ளிருந்து மகள் சொன்னாள். "அப்பா, முதல்லை தரையை அளவுங்கோ. பசளையை நிறுங்கோ. பாதியை நெடுக்காப் போடவேணும், பாதியைக் குறுக்காப் போடவேணும். வெயிலுக்கை கூடாது. போட்ட உடனை நல்லாத் தண்ணி விடவேணும்."

"பிள்ளை, நான் முப்பது வருசமா எறியிறன்," என்றார் மச்சான். "நெல்லும் புல்லுத்தானே."

"மாமா, நெல்லைச் சாப்பிடுவியள். இதிலை நிண்டு போட்டோ எடுக்கப்போறம்."

"அப்ப ரெண்டு பிடி கூடப் போடுவம்."

சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். இறங்குவதற்குச் சேறு இல்லை. பழக்கம். வாளி நிறைய யூரியா. பத்துமணி வெயில். ஒரு அடி வைப்பார், ஒரு பிடி எறிவார். நல்ல கை. வயலாக இருந்திருந்தால் பிழை சொல்ல முடியாது.

முடிந்ததும் நான் தண்ணீர்க் குழாயை இழுத்தேன்.

"அக்கா, விடாதேங்கோ. கரைஞ்சு ஓடிப்போகும்," என்றார் மச்சான்.

"வயலிலை தண்ணி நிக்குதுதானே, தம்பி?"

"அது நிக்கிற தண்ணி. இது ஓடுற தண்ணி."

வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் குழாயைச் சுருட்டினேன். போனுக்குள் மகள் ஏதோ கத்தினாள். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். சிக்னல் இருந்தது.

நாலாம் நாள் புல் கருகியது. முழுக்க இல்லை. அரிவாள் வளைவு வளைவாகக் கருகியது. மச்சான் எங்கே நின்றார், எங்கே கையை வீசினார் என்று தரையைப் பார்த்தே சொல்லலாம். ஓரிடம் வட்டமாக எரிந்திருந்தது. அது அவர் வாளியை இறக்கி வைத்து வெற்றிலை போட்ட இடம்.

"உங்கடை மண் சரியில்லை, அத்தான்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

வீட்டுக்காரர் கல் பதிக்கிறவருக்குப் போன் எடுத்தார். அவர் பேசி முடிக்கும்வரை நின்றேன். பிறகு குசினிக்குப் பின்னால் ஒருக்கால் வரச் சொன்னேன்.

படலை வாசலில் கழுதைகள் தினமும் விட்டை போடும். வாசல் துப்புரவாக இருக்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் சட்டம். அள்ளிக் குசினிக்குப் பின்னால் கொட்டுவேன். புல் விரித்த அன்று மிஞ்சிய துண்டுகளையும் அங்கேதான் எறிந்தார்கள். பாத்திரம் அலம்பும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடும். புல் கணுக்காலை மூடி நின்றது.

"இதுக்கு என்ன போட்டனீங்கள்?"

"நான் ஒண்டும் போடேல்லை. கழுதை போட்டது."

மகளுக்குப் போன் எடுத்தார். போனைத் திருப்பிப் புல்லைக் காட்டினார்.

"இதை இங்கை பைக்கற்றிலை அடைச்சு விக்கிறாங்கள், அப்பா," என்றாள் அவள்.

அதுவரை அது விட்டை. அதற்குப் பிறகு எல்லோரும் பசளை என்றார்கள்.

அவள் சொன்னபடி செய்தோம். கருகியதை வெட்டி எடுத்துப் பின்பக்கத்துப் புல்லை நட்டேன். விட்டையைக் காயவைத்து, உதிர்த்து, மணல் அரிக்கிற தட்டில் அரித்தேன். வீட்டுக்காரர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு தானே நிறுத்தார். பாதி நெடுக்கே, பாதி குறுக்கே. வெயில் தாழ்ந்த பிறகு. உடனே தண்ணீர்.

ஒரு தடவைக்குப் போதுமாக இருந்தது. அடுத்த தடவைக்கு விட்டை போதவில்லை. வீட்டுக்காரர் வாழைப்பழத் தோலோடு படலையில் நின்று கூப்பிட்டார். கழுதைகள் வரவில்லை. சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீசைத் தின்னுகிற கழுதைகள், அவர் தோலைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தன. அவரின் சொல்லுக்கு ஐந்து வருடம் தடியோடு கலைத்தவள் நான். கையிலிருந்த தடியைக் கீழே போட்டேன். வந்தன.

கலியாணத்துக்குப் புல் பச்சையாக இருந்தது. இரண்டு அரிவாளில் மட்டும் நட்ட புல் பிடிக்கவில்லை. அவற்றின் மேல் சாப்பாட்டு மேசையைப் போட்டார்கள்.

வந்தவர் ஒருவர் குனிந்து புல்லைத் தடவினார். "இந்த மண்ணிலை எப்பிடி? என்ன பசளை?"

"யூரியா," என்றார் வெள்ளாங்குளத்து மச்சான். "ஆனா அளவு தெரிஞ்சு எறியவேணும்."

நான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கல் பதிக்கிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். நான் பின்னறையில்தான் இருக்கிறேன். காலையில் தவறாமல் போன் எடுப்பார். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. என் சுகமும் கேட்பதில்லை. "இண்டைக்கு எத்தினை வந்தது, அக்கா?" என்பார். படலைக்குப் போய்க் கழுதைகளை எண்ணிச் சொல்ல வேண்டும்.

இன்று பதினான்கு.