துமிரா வரைந்த பெருச்சாளி

சோலோ நகரத்துச் சந்தையில் மாட்டுக் குடல் விற்கும் துமிராவுக்கு எதைக் கண்டும் குமட்டியதில்லை. பாதி ஆயுசு விடியற்காலையில் எழுந்து, சாணி பிதுங்கும் குடலைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து அலசியவள். அந்தக் கையைக் கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சோறு தின்பவள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தான் வரைந்த செம்பருத்தியைப் பார்த்ததும் வயிற்றைப் புரட்டியது. பூவா அது? தேய்ந்துபோன துடைப்பத்தை யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

படம் வரைய வேண்டுமென்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. மகள்களைக் கட்டிக்கொடுத்து முடித்த பிறகுதான், தெருப் பொதுக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பெண்கள் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கற்றுக்கொடுப்பவள் ரெத்னானி, நேற்றுக் கல்லூரி முடித்த பெண். வாயைத் திறந்தால் தேன்தான். கூடப் படிக்கும் ஹர்த்தினா ஜாடி வரைந்தாள். அது சுரைக்காயாகி நின்றது. "அழகா இருக்கும்மா" என்றாள் ரெத்னானி. துமிராவின் துடைப்பத்துக்கும் அதே அழகுதான்.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. வேகாத சோற்றைப் போட்டாலும் ருசியாக இருக்கிறது என்று தின்றுவிட்டு எழுந்து போகிற ஜனம் நாங்கள். முகத்துக்கு நேரே குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைப்பு. விருந்துக்கு அது சரி. வரையக் கற்றுக்கொள்கிறவள் கதி என்ன?

ஒருநாள் துமிரா வேண்டுமென்றே செம்பருத்தியைத் தலைகீழாகப் பிடித்து நீட்டினாள். "முன்னைக்கு இப்ப கை நல்லா வருதும்மா" என்றாள் ரெத்னானி. வீட்டுக்கு வந்து புருஷனிடமும் நீட்டினாள். பார்மின் தன் மணிப்புறாவுக்குச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்" என்றார், அரைக்கண்ணால் பார்த்து.

"தலைகீழா புடிச்சிருக்கேன்."

"அப்படியும் அழகாத்தான் இருக்கு."

சீ என்று போய்விட்டது அவளுக்கு. அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊசிப்போன தேங்காய்ப்பால் வாயில் பட்ட மாதிரி இருந்தது. நன்றாக இல்லை என்று ஒரு ஆள் சொன்னால், எங்கே என்று கேட்டுத் திருத்தலாம். இவர்கள் வாயில் சர்க்கரையை அடைத்தே கொன்றுவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு பார்ப்பது, அதே பேச்சுத்தான் என்றால் பென்சிலைச் சாக்கடையில் எறிந்துவிட்டு ஆசைக்கு முழுக்குப் போட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள்.

அந்த வாரம் கடைக்குப் பின்னால் சாக்கடையில் ஒரு பெருச்சாளி செத்து உப்பிக் கிடந்தது. கூட்டுகிறவன் எட்டியும் பார்க்கவில்லை. "என் படத்துக்கு நீதான்டா லாயக்கு" என்று துமிரா தாளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

செம்பருத்தியை அவள் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. பூ எப்படி இருக்கும் என்று தெரியாதா என்கிற திமிர். இந்தச் சனியனை அப்படி வரைய முடியவில்லை. மயிர் ஈரத்தில் திரிதிரியாக ஒட்டி, நடுவே வெளுத்த தோல் தெரிந்தது. கண்ணோரம் ஈக்கள். முன்னங்கால் வயிற்றிலிருந்து முளைத்த மாதிரி போட்டிருந்தாள். உற்றுப் பார்த்தால் அது விலாவுக்கடியில் மடங்கிக் கிடந்தது. அழித்தாள், போட்டாள், மறுபடி அழித்தாள். குடல் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேநீரும், ஒட்டரிசிச் சோற்றை வாழையிலையில் சுருட்டிய லெம்பெரும் பரிமாறியிருந்த நேரத்தில் படத்தை விரித்து வைத்தாள்.

"அழகா..." என்று தொடங்கிய ரெத்னானி வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஹர்த்தினா எட்டிப் பார்த்துவிட்டு, தின்றுகொண்டிருந்த லெம்பெரை இலையோடு கீழே வைத்தாள். "சீ, என்ன கருமம்க்கா இது. மூடித் தொலைங்க, நாத்தம் தாங்கல."

"காகிதம் எப்படிடி நாறும்?"

"எனக்கு நாறுது. எனக்குத் தொண்டையில நிக்குது."

துமிராவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டவள் இல்லை. ரெத்னானி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "பின்னங்கால் மட்டும் நீளமாப் போச்சும்மா."

"எவ்வளவு நீளம்? காட்டு" என்று துமிரா பென்சிலை அவள் கையில் திணித்தாள்.

சாயங்காலம் பார்மின் புறாவுக்குத் தினை போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாதிரியே துமிரா படத்தைத் திருப்பிப் பிடித்து நீட்டினாள். அவர் அரைக்கண்ணால் பார்த்தார். பிறகு முழுசாகத் திரும்பிப் பார்த்தார். முகம் கோணியது. கொடியில் கிடந்த துண்டை எடுத்து, புறா கண்ணில் படாதபடி கூண்டை மூடினார்.

"தலைகீழா புடிச்சிருக்க" என்றார்.