பென்டிரைவில் போன வரைபடங்கள்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற காண்ட்ராக்ட் வேலை. போனில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் நிரல் எழுதப் பழகியிருந்தேன். அது தெரிந்து ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். தினமும் நீர்மட்டத்தை வரைபடமாக்கித் தர வேண்டும். அந்த நாற்காலி எப்போது பறிபோகுமோ என்ற பயம் உட்கார்ந்த அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

படத்தில் எண்கள் தெளிவாக இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, படத்தைச் சேமிக்கும் வரியில் அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி என்று போட்டுவைத்தேன். படம் யானைக் கனம் கனத்தது. மெயிலில் போகாது. அதனால் பென்டிரைவில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஆபீஸ் ஆபீசாகப் போய் நானே திறந்து காட்டுவேன். "வந்துட்டாருடா பென்டிரைவ் கலெக்டரு!" என்பார் வாசல் செக்யூரிட்டி அண்ணன். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் இன்ஜினியர் சார் கூப்பிட்டார். "ஏம்பா, ஒன் படத்தத் தெறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டே வந்துடலாம் போலருக்கு. மெயில்ல வர்ற மாதிரி சின்னதா பண்ணு. தெளிவு மட்டும் கொறையக் கூடாது."

தெரியாது என்றால் பம்புக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களே. போட்டோவைச் சுருக்குகிற மாதிரி ஜேபெக் ஆக்கிப் பார்த்தேன். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஆனது. மறுபடி பழைய பிஎன்ஜி வடிவத்திலேயே வைத்து, அறுநூறை நூற்றைம்பதாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, வண்ணங்களைக் குறைத்தேன். படம் இறகு மாதிரி ஆகிவிட்டது. எண்கள் பளிச்சென்று இருந்தன.

"இதான்யா வேல!" என்றார் சார். நிரலைத் தன் கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். காலையில் நிரல் தானே ஓடி, படம் தானே எல்லோருக்கும் போய்ச் சேரும்படி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்தார். "சாரு ஒன்ன ரொம்பப் பெருமையா சொன்னாருப்பா. இனிமே இங்க ஆளு தேவ இல்லியாம். நாளைலேர்ந்து பம்புக்கே வந்துடு."

பம்படியில் கூட்டாளி சிரித்தான். "இன்னா தல, ஏசி காத்து ஒத்துக்கலயா? சளி புடிச்சிகினுதா?"

இப்போது தினமும் காலையில் படம் சார் பெயரில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கும் வருகிறது. புழுதிக்கு நடுவே சிக்னல் செத்துக் கிடக்கும் இடம் பம்படி. இருந்தும் தொட்டவுடன் திறக்கிறது. நான் தேர்ந்தெடுத்த நீலம், நான் வைத்த எழுத்து. கீழே சாருக்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒன்று போடுகிறேன். போடாவிட்டால் கவனித்துவிடுவார்களோ என்று பயம்.