கோவா மூட்டைமேல் தூங்கியவரின் சம்மதம்

நியாயமான விதி என்றால் எனக்கு வசதியான விதி என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். வெளியே சொல்ல வெட்கமான விஷயம். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

மாத்தளை டவுனில் எனக்கு ஒரு ஸ்டூடியோ. கல்யாணம், வயதுக்கு வந்த பிள்ளைகளின் சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம் என்று பிழைப்பு ஓடுகிறது. மிச்ச நேரத்தில் கமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து எனக்காகவும் கொஞ்சம் எடுப்பேன். வருடா வருடம் டவுன் மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி ஒன்று நடக்கும். ஓவியங்கள் சுவரில் விலைச்சீட்டோடு தொங்கும். எங்களுடைய புகைப்படங்கள் பிளேன்டீ ஊற்றும் மேசைக்குப் பக்கத்து மேசையில், ‘பார்வைக்கு மட்டும்’ என்ற அட்டையோடு படுத்திருக்கும். ஒருமுறை என் படத்தின்மேல் யாரோ டீக் கோப்பையை வைத்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட படம், சேதமில்லை. வைத்தவருக்கு அது தட்டையான, வசதியான இடமாகத் தெரிந்திருக்கும்.

கண்காட்சிக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். ஊருக்கே அவர் மாஸ்டர். எங்கள் படங்களையும் சுவரில் மாட்டி விற்க விடுங்கள் என்று நாங்கள் மூன்று பேர் அவரிடம் போனோம். நான் ஒருவன். இன்னொருவர், கல்யாணப் படத்தில் என்னைவிட மூத்த கை, நான் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் நண்பர். மூன்றாவது, யட்டவத்தயிலிருந்து வரும் ஒரு தங்கச்சி. மிளகுக் கொடி, வயல் வரப்பு, மழைத்தண்ணீர் என்று எடுப்பவள். அவள் படங்களில் மனித வாடையே இருக்காது.

மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

“ஓவியம்னா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். நீங்க பொத்தான அமுக்குனா நூறு வருமே. வாங்கிட்டுப் போறவரு அதே படத்தப் பக்கத்து வீட்டுலயும் பாத்தாருன்னா, என்னையில்ல ஏசுவாரு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

“சரி, விதிய நீங்களே எழுதிட்டு வாங்க,” என்றார். “ஒழுங்கா இருந்திச்சின்னா சுவரு உங்களுக்கும்தான்.”

நானாவின் ஸ்டூடியோவில் கூடினோம். முதல் விதி சுலபம்: ஒரு படத்துக்கு ஐந்து பிரதிக்கு மேல் போடக்கூடாது, பின்னால் எத்தனையாவது பிரதி என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டாவது: கணினியில் வானத்தையோ மலையையோ மாற்றியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது விதியைத் தங்கச்சி சொன்னாள். முகம் தெரிகிற ஆளின் படம் என்றால், அந்த ஆளின் சம்மதம் இல்லாமல் விற்கக்கூடாது.

“எங்கம்மா சந்தையில வெத்தல விக்கிறத யாரோ எடுத்துக் கலண்டர்ல போட்டுட்டாங்கண்ணே. அம்மாவுக்கு அது தெரிஞ்சதே, வேற கடைச் சுவத்துல மாட்டியிருந்ததப் பாத்துத்தான்.”

அந்த நேரம் பார்த்து மீன் வைத்த மாலுபாண் வந்தது. சூடாக இருந்தது. விவாதம் நீண்டால் ஆறிவிடும். “ரொம்ப நியாயம்!” என்று முதலில் கையைத் தூக்கியவன் நான். மற்றக் கை மாலுபாணில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, கண்காட்சிக்கு அனுப்ப நினைத்திருந்த படத்தைத் திரையில் திறந்தபோதுதான் மூன்றாவது விதி நினைவுக்கு வந்தது.

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்த மரக்கறிச் சந்தையில் எடுத்த படம் அது. முட்டைக்கோஸ் எங்களுக்குக் கோவா. லொறியில் அடுக்கிய கோவா மூட்டைகளின்மேல் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கிழிந்த தறப்பாள் வழியாக இறங்கும் காலை வெளிச்சம் நேரே அவர் நெற்றியில் விழுகிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். சுவரில் எனக்குக் கிடைக்கப்போகும் இடத்தை நான் அந்தப் படத்துக்குத்தான் கேட்டேன். சம்மதமா? தூங்குகிறவரிடம் எப்படிக் கேட்பது? எழும்பியபின் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

என் தொழில் அப்படி. கல்யாண வீட்டில் கமராவைக் கண்டதும் எல்லோரும் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார்கள். எடுத்தால் யாரும் ஏசமாட்டார்கள், எடுக்காமல் விட்டால்தான் வினை. ‘எங்க பெரிய மாமாவக் காணோமே’ என்று அல்பம் வாங்க வரும்போது ஸ்டூடியோவில் நின்று சண்டை பிடிப்பார்கள். அதிலேயே ஊறிப்போனவன், படத்தில் விழப் பிடிக்காத ஒரு ஆள் உலகத்தில் இருப்பார் என்று எப்படி நினைப்பான்?

பயம் வந்தால் எனக்குக் கற்பனை நன்றாக வேலை செய்யும். அவர் வழக்குப் போடுகிறார். அவருடைய ஆட்கள் லொறியோடு ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்கிறார்கள். மாஸ்டர் எங்கள் மூன்று பேரையும் மறுபடி மேசைக்கு அனுப்புகிறார். கண்களை மறைத்துக் கறுப்புப் பட்டை ஒன்று போட்டுப் பார்த்தேன். கசிப்புச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவர் மாதிரி ஆகிவிட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “மொகத்த வெட்டிருங்க. கோவா மட்டும் தொங்கட்டும். கோவா வழக்குப் போடாது.”

நானாவுக்குப் போன் எடுத்தேன். “நானா, முகம் தெரிஞ்சான்னுதானே எழுதினோம்? தூங்குற முகம் அதுல சேருமா?”

“தம்பி, முதல்ல கையத் தூக்கின ஆள் நீதானே. இப்ப என்னத்துக்கு இந்தக் கத? போய்க் கேளு. கொல்லவா போறாங்க?”

“கொன்னாலும் கொல்லுவாங்க நானா.”

“அப்ப கமராவ என்ட பேருக்கு எழுதி வெச்சிட்டுப் போ.”

படத்தை அச்செடுத்து ஒரு உறையில் போட்டுக்கொண்டு தம்புள்ளை பஸ் ஏறினேன். வழியில் நாலந்தா தாண்டும்வரை என்ன பேசுவது என்று வாய்விட்டு ஒத்திகை பார்த்தேன். பக்கத்து சீட்காரர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மூட்டை தூக்குகிறவர்களை எங்கள் பக்கம் நாட்டாமை என்போம். அங்கே நின்ற ஒரு நாட்டாமையிடம் படத்தை நீட்டியதுதான் தாமதம், அதைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

“அடேய், இங்க வந்து பாரு! மொதலாளி ஒனக்குச் சம்பளம் குடுக்குறது இதுக்குத்தானா?” என்று ஒருவர் உள்ளே பார்த்துக் கத்தினார்.

படத்தில் இருந்தவர் உள்ளேயிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். கைகளைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பதையெல்லாம் ஒத்திகை பார்த்ததற்கு நேர்மாறான வரிசையில் கொட்டித் தீர்த்தேன்.

“எழுப்பியிருக்கலாமே,” என்றார்.

“எழுப்புனா படம் போயிருமுங்க. அந்த வெளிச்சத்தப் பாருங்க, எப்படி விழுந்திருக்குன்னு...”

“வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லால்ல. வாயப் பாருங்க.” படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “எம் பொஞ்சாதி எலக்கடுவப் பக்கம் தோட்டத்துல இருக்கா. மாத்தளைக்குத்தான் சாமான் வாங்க வருவா. நான் இங்கன தூங்கித்தான் காலத்த ஓட்டுறேன்னு நெனச்சிருவா. வேணாங்கண்ணே. தொங்க விடாதீங்க.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அடி விழவில்லை என்ற நிம்மதியில் எனக்கு வருத்தப்படக்கூட உடனே வரவில்லை. உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார்.

“எடுக்கிறதுன்னா இப்ப எடுங்களேன்?”

குழாயடியில் முகத்தைக் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டினார். யாரோ சீப்பு கொடுத்தார்கள். லொறியின் முன்னால் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. புகைப்படக்காரன் எவனும் விரும்பாத வெளிச்சம். என் வாயோ தன்பாட்டில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது: “நாடியக் கொஞ்சம் தாழ்த்துங்க... தோளத் தளர விடுங்க... ஆ, கண்ணச் சிமிட்ட வேணாம்.”

“மாப்புள ரெடி, பொண்ணு எங்கடா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் அசையவில்லை.

கமராவின் திரையில் காட்டினேன். “இத மாட்டலாமா? வெல போட்டு?”

“இத தாராளமா மாட்டுங்க.” தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அங்கேயே அவருடைய போனுக்கு அனுப்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு படங்களும் என் மடியில் இருந்தன, ஒன்று உறைக்குள், ஒன்று கமராவுக்குள். தூங்குகிறதை மாட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று யோசிக்கவில்லை என்றால் பொய். மாத்தளை வரும்வரை அதைத்தான் யோசித்தேன். வீட்டுக்கு வந்து, அவர் நிற்கிற படத்தையே அச்செடுத்து பிரேம் போட்டேன். மனைவி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“யாருக்குங்க பாஸ்போர்ட்?”

படம் மாட்டும் நாளன்று மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் விதிகளை மெதுவாக வாசித்தார். ஐந்து பிரதிக்கு மேல் போடமாட்டீர்களே என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டார். பிரேம்களைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். மூன்றாவது விதிக்கு நான் தம்புள்ளைப் பயணம் முழுவதையும் சாட்சியோடு சொல்லத் தயாராக நின்றேன்.

“இது யாரு?” என்று கேட்டார்.

“தம்புள்ளையில நாட்டாமைங்க மாஸ்டர்.”

“நல்லா நிக்கிறாரு,” என்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சம்மதம் பற்றி அவர் கேட்கவில்லை. கண்காட்சி முடியும்வரை வேறு யாரும் கேட்கவுமில்லை.

எங்கள் மூன்று பேருடைய படங்களும் அந்த வருடம் ஓவியங்களோடு ஒரே சுவரில், விலைச்சீட்டோடு தொங்கின. தங்கச்சியின் மிளகுக் கொடி விற்றது. நானாவின் படமும் ஒன்று விற்றது. என்னுடையது விற்கவில்லை.